வேலையை விடாமல் பைலட் ஆக முடியுமா? என் சிபிஎல் அனுபவம்

வேலை பார்த்துக்கொண்டே கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் (சிபிஎல்) வாங்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். பரீட்சைகளை வேலையோடு சேர்த்து எழுதி முடித்துவிடலாம். ஃப்ளையிங்கை அப்படி முடிக்க முடியாது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துத் திட்டமிட்டால் குடும்பம் தாங்கும். போட்டுக் குழப்பிக்கொண்டால் பணமும் போகும், வீட்டில் நிம்மதியும் போகும். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை, வங்கியில் வேலை பார்க்கும் மனைவி, பள்ளிக்குப் போகும் மகள் என்றிருந்த நிலையில், முப்பது வயதைத் தாண்டி ஆரம்பித்து சிபிஎல் வாங்கியவன் நான்.

முதல் வேலை மெடிக்கல், அதாவது உடல்தகுதிப் பரிசோதனை. பிளஸ் டூவில் இயற்பியல், கணக்கு படித்திருக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆரம்பக்கட்டமான கிளாஸ் 2 மெடிக்கல் கிடைத்ததும் நிறையப் பேர் அதைவிடக் கடுமையான கிளாஸ் 1-ஐத் தள்ளிப்போட்டுவிட்டு ஃப்ளையிங் ஸ்கூலுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லைசென்ஸுக்குக் கிளாஸ் 1 கட்டாயம். முப்பது வயதுக்கு மேல் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை எல்லாம் எட்டிப்பார்க்கும் காலம். நான் பெங்களூருவில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிலையத்தில் எடுத்தேன். ரிசல்ட் கைக்கு வந்த பிறகுதான் வீட்டில் பணத்தைப் பற்றிப் பேச்சையே எடுத்தேன்.

அடுத்து, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் பேப்பர்கள்: ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். தவறான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். தேர்வுக்கான பதிவு எண்ணான கம்ப்யூட்டர் நம்பர் வாங்கிவிட்டால் ஒவ்வொரு பேப்பராக எழுதலாம், அதனால்தான் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தோதுப்படுகிறது. விடியற்காலையில் எழுந்து ஆபீஸ் கிளம்பும் வரை படிப்பேன். ராத்திரி படிப்பது எனக்குச் சரிவரவில்லை. நேவிகேஷன் கணக்கைப் பாதியில் விட்டால் மறுநாள் முதலிலிருந்து போட வேண்டியிருந்தது.

மெட்டியராலஜியைப் பலர் மனப்பாடப் பாடமாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்த பேப்பர். நாங்கள் இருப்பது நங்கநல்லூர், மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கம் விமானங்கள் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் காலையில் மேற்குக் காற்று அடிக்கும், விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து 25 ரன்வேயில் இறங்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் எல்லாம் திரும்பிவிடும், அதே ரன்வேயை எதிர்த்திசையில், 07 என்ற பெயரில், பயன்படுத்திக் கடலைப் பார்த்துக் கிளம்பும். காற்றை எதிர்த்துத்தான் ஏறுவதும் இறங்குவதும் என்று மகளுக்குச் சொன்னேன். அப்புறம் அவளே, "அப்பா, இன்னிக்கு சீக்கிரமே மாறிடுச்சு" என்று வந்து சொல்வாள். புத்தகத்தில் சீ ப்ரீஸ் பற்றி நாலு பக்கம் படித்தது அந்த மாடியில்தான் மனதில் நின்றது.

ஆர்டிஆர் வேறு மாதிரி. ரேடியோவில் பேசுவதற்கான அந்தத் தேர்வில் வாய்மொழிப் பகுதி இருக்கிறது, படித்தவர்களும் அங்கேதான் தடுமாறுகிறார்கள். நான் எழுதியபோது தகவல் தொடர்பு அமைச்சகத்தின் டபிள்யூபிசி பிரிவு நடத்தியது. 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த பாரதிய வாயுயான் அதினியம் அந்தப் பொறுப்பை டிஜிசிஏவிடம் கொடுத்திருக்கிறது. நான் தயாரான விதம் எளிமையானது: மனைவி டவர், நான் விமானம். சமையலறையிலிருந்து அவள் "ஹோல்ட் ஷார்ட்" (ரன்வேக்கு முன்பே நில்) என்பாள், நான் அதை வார்த்தை பிசகாமல் ரீட்பேக் செய்ய, அதாவது திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு எண் விட்டுப்போனாலும் திரும்பச் சொல்ல வைப்பாள்.

ஃப்ளையிங்குக்கு வருவோம். மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்று. கிராஸ் கண்ட்ரி, அதாவது வேறு இடங்களுக்குப் பறந்து போவது, 20 மணி நேரம், அதில் ஒரு பயணம் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு ஏரோட்ரோம்களில் இறங்கி நின்று கிளம்ப வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் 10 மணி நேரம், இரவில் 5 மணி நேரம். சனி, ஞாயிறு மட்டும் போய் இதை முடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. காலையில் பனிமூட்டம், மதியம் காற்று, மழை மாதங்களில் நாள்கணக்கில் ஒன்றும் நடக்காது. வானம் தெளிந்திருக்கும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கை மறந்துவிடும். குறுக்குக் காற்றில் இறங்கும்போது மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வந்து, தரை நெருங்கும் நேரத்தில் ரடரை (வால் சுக்கானை இயக்கும் பெடல்) மிதித்து ரன்வேயோடு நேராக்க வேண்டும், அதே நொடியில் காற்று வரும் பக்கத்து இறக்கையை லேசாகத் தாழ்த்த வேண்டும். தினமும் செய்தால் கால் தானாக அழுத்தும். இரண்டு வாரம் விட்டால் யோசிக்க வேண்டியிருக்கும், யோசிக்க அங்கே நேரம் கிடையாது.

இன்னொன்று, பறந்து காட்ட வேண்டிய ஸ்கில் டெஸ்டுகள் எல்லாம் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். கடைசியில் இழுத்துக்கொண்டே போனால் முடித்த டெஸ்டையே திரும்பச் செய்ய நேரும், ஒவ்வொரு மணி நேரமும் காசு.

அதனால் பேப்பர்களை முடித்துவிட்டு, ஆபீஸில் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு வாங்கிக்கொண்டு மகாராஷ்டிராவில் ஒரு ஊருக்குப் போனேன். சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் ஸ்கூலில் சொன்னார்கள். எஞ்சின் பாகம் வராமல் விமானங்கள் ஹேங்கரிலேயே கிடந்தன, மாணவர்களுக்கு ஏற்ற அளவு இன்ஸ்ட்ரக்டர்களும் இல்லை. சேர்வதற்கு முன் அங்கே படிக்கும் பையன்களிடம் "போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தாய்?" என்று கேளுங்கள். விமானங்களின் எண்ணிக்கையைவிட அந்தப் பதில்தான் உண்மையைச் சொல்லும். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனார் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "மாப்பிள்ளை, பணத்தை மொத்தமா கட்டிடாதீங்க. பறக்கப் பறக்கக் கட்டுங்க." அதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தேன். பாதியில் ஸ்கூல் மாறியவர்கள் கட்டிய பணத்துக்காக அலைந்ததைப் பார்த்தபோது அவரைத்தான் நினைத்தேன்.

அந்தக் காலம் முழுவதும் ஒரே சம்பளத்தில் வீட்டை நடத்தியது மனைவி. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், என் கல்விக் கடனின் வட்டி எல்லாம் அவள் தலையில். மகளுக்குக் காய்ச்சல் என்று ராத்திரி போன் வந்தால் மகாராஷ்டிராவிலிருந்து கேட்கத்தான் முடியும். இந்தச் சுமையை மனைவியோ கணவனோ முழு மனதோடு ஏற்காவிட்டால் ஃப்ளையிங்கைத் தொடங்கவே வேண்டாம் என்பேன். பயிற்சியில் என்னைவிட அதிகம் உழைத்தவள் அவள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2023-இல் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்த செய்தியைக் காட்டித்தான் பயிற்சி நிறுவனங்கள் ஆள் சேர்க்கின்றன. அந்த விமானங்கள் பல வருடங்களில் வந்து சேரும். புது லைசென்ஸோடு நிற்பவருக்கு ஏ320, 737 போன்ற விமானத்துக்கான டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) வேறு தேவை, அதற்கும் லட்சக்கணக்கில் ஆகும். விமான நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்த பிறகு செலவழிப்பது என்று முடிவு செய்து, லைசென்ஸ் வந்ததும் பழைய ஆபீஸுக்கே திரும்பிவிட்டேன். காலை நேரம் மறுபடி படிப்புக்குத்தான், இப்போது ஏர்லைன் எழுத்துத் தேர்வுக்கு. கிளாஸ் 1 மெடிக்கலைக் காலாவதியாகாமல் புதுப்பித்து வருகிறேன், கடனில் பாதி அடைந்துவிட்டது.