மாட்டுக் கொட்டகையை வீடாக்க மேற்பார்வைக்கு ஆள் வைத்தோம்: எப்படி இருந்தது?

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் தாத்தா விட்டுப்போன மாட்டுக் கொட்டகையை வீடாக மாற்றியிருக்கிறோம். நாங்கள் இருப்பது மஸ்கட்டில். அதனால் வேலையைப் பார்த்துக்கொள்ள பெங்களூரில் ஒரு மேற்பார்வை நிறுவனத்தை அமர்த்தினோம். மாதம் 25,000 ரூபாய். வாரத்துக்கு இரண்டு தடவை சைட்டுக்குப் போவார்கள். போட்டோ, வீடியோ, பில் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். குறை சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. மார்க் ஐந்துக்கு மூன்றரை.

கருங்கல் தூண், மண் சாந்தில் எழுப்பிய கல் சுவர், மேலே மங்களூர் ஓடு. இதுதான் கொட்டகை. பார்த்தவர்கள் எல்லாரும் ஓட்டுக் கூரையைப் பற்றியே பயமுறுத்தினார்கள். தொல்லை கொடுத்தது சுவர். வருஷக்கணக்கில் கோமியம் ஊறிய தரையிலும் சுவரின் அடிப்பக்கத்திலும் நைட்ரேட் உப்பு தங்கிவிடும். அந்தக் காலத்தில் வெடிமருந்துக்கு இந்த உப்பை, அதாவது வெடியுப்பை, எடுக்கத் தொழுவத்து மண்ணைத்தான் சுரண்டிப்போனார்கள். இந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் சுவர் வேர்க்கும். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து, பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும்.

நிறுவனத்தின் சின்னப் பையன் எஞ்சினியர் சிமெண்ட் பூச்சுக்கு நாள் குறித்து, சுத்தம் செய்த சுவரைப் பளபளவென்று போட்டோ எடுத்து அனுப்பினார். போட்டோவில் ஒரு குறையும் தெரியவில்லை. மேஸ்திரி தர்மபுரிக்காரர். வீடியோ காலில் ஓரமாக நின்றவர், "அம்மா, இது மாடு கட்டின சுவரு. சிமெண்ட் ஒரு மழைக்குத் தாங்காது, நான் சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்" என்றார். எஞ்சினியருக்கு முகம் சுண்டிவிட்டது.

இதற்குப் பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்துக்காகத்தான் மூன்றரை, இல்லையென்றால் இரண்டோடு நிறுத்தியிருப்பேன். பெரிய எஞ்சினியரே நேரில் வந்தார். மேஸ்திரியைக் கூடவே வைத்துக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தார், மேஸ்திரி சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டார். தரை மண்ணைத் தோண்டி வெளியே கொட்டிவிட்டு ஜல்லி நிரப்பினார்கள். சுவரின் இடுக்குகளைச் சுரண்டிச் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஒரு மழைக்காலம் அப்படியே விட்டார்கள். அந்தப் பூச்சு உப்பை உறிஞ்சிக்கொண்டதும் அதையும் உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பூசினார்கள். செலவு கூடியது, குடிபோவதும் தள்ளிப்போனது. ஆனால் அடிச்சுவரில் இன்றுவரை பூப்பு இல்லை.

ஓட்டு வேலையில் முழு மார்க். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிகள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். அதற்கப்புறம் எத்தனையோ கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அச்சு. ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு சரியாக உட்காராது, ஒழுகும். அதே சின்னப் பையன் எஞ்சினியர் எங்கள் பழைய ஓடு ஒன்றை ஓட்டுக் கடைக்கு எடுத்துப்போய்ப் புது ஓட்டோடு பொருத்திப் பார்த்தார், சேரவில்லை. தட்டினால் கணீரென்று ஒலித்த பழைய ஓடுகளை எல்லாம் முன்பக்கச் சரிவுக்கு ஒதுக்கினார். பின்பக்கம் முழுக்கப் புது ஓடு, அதன் அளவுக்கு ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) இடைவெளியையும் மாற்றி அடித்தார். யாரும் சொல்லாமல் அவராகவே யோசித்துச் செய்தது.

கதவுக்காக பெங்களூர் பேம்பூ பஜாரில் பழைய மரக்கடை கடையாக ஏறி இறங்கி வீடியோ காட்டினார்கள். பழைய தேக்குக் கதவு கிடைத்தது. கன்னடத்தில் ஆரம்பித்த பேரம் பாதியில் தமிழுக்கு மாறியது, எனக்கும் வசதியாகப் போயிற்று.

பேப்பர் வேலையில் மட்டும் சுத்த மோசம். "எல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்று சேர்க்கும்போது சொன்னதோடு சரி. வெளிநாட்டில் இருக்கிற இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் விவசாயிக்கான பண்ணை வீடாக இல்லாமல் வெறுமனே குடியிருக்க வீடு என்றால், கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 95-ஆம் பிரிவில் பொதுவாக நிலமாற்றம் (விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றும் அனுமதி) வாங்க வேண்டும். மஸ்கட்டில் தூதரகத்தில் கையெழுத்துப் போட்ட பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஸ்டாம்ப் கட்ட வேண்டும். இரண்டையும் எனக்குச் சொன்னது பெங்களூர் அல்சூரில் இருக்கும் சித்தப்பா. மாதம் 25,000 வாங்குகிறவர்கள் வாயைத் திறக்கவில்லை.

ஆள் வைக்கப்போகிறவர்களுக்கு: பூச்சு, தரை, கூரை என்று எதை மூடுவதானாலும், மூடும் முன் உங்கள் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். டேப் வைத்து அளந்து எடுத்த போட்டோதான் வேண்டும் என்று கேளுங்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, பெங்களூரில் அன்று வேலை நாள். முக்கியமான வேலை எல்லாவற்றையும் அன்றைக்கே வைக்கச் சொல்லி, காலையிலிருந்து வீடியோவில் உட்கார்ந்துவிடுவேன். வளைகுடாவில் வெள்ளிக்கிழமை லீவு கிடைக்கிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

காலி மனையில் புது வீடு கட்டுகிறீர்கள் என்றால் இவர்களைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பழைய கட்டடமா? முதலில் சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியைப் பிடியுங்கள், அப்புறம் இவர்களைக் கூப்பிடலாம். இப்போது மாதாமாதம் பராமரிப்புக்கும் பணம் கேட்கிறார்கள். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சாவி மேஸ்திரி வீட்டில் இருக்கிறது.