பாம்பன் மாடி இங்கிலீஷ் வகுப்பு: பிள்ளைகளை அனுப்பலாமா?

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை என்றால் தாராளமாக அனுப்பலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக என்றால் பள்ளிக்கூட நோட்ஸே போதும். பாடலில் வருவது சிமிலியா, மெட்டஃபரா என்று கண்டுபிடிக்கத் தனி ட்யூஷன் எதற்கு? தமிழ் ஐயா உவமை, உருவகம் நடத்தும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

என் மகள் பிளஸ் ஒன். நாங்கள் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போட்டு விற்கிறவர்கள். வகுப்பு சனி, ஞாயிறு சாயங்காலம், மாதம் 700 ரூபாய். மேடையில் பேசுகிறவரும் விளம்பரம் போடுகிறவரும் நம்மை எப்படி வழிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று பிரித்துக் காட்டுவதுதான் பாடம்.

மிஸ் அலங்காரங்களின் பெயர்ப் பட்டியலோடு தொடங்குவதில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. முதலில் பேச்சை வாசிப்பார், "கேட்டதும் உனக்கு என்ன தோணுச்சு?" என்பார், அலங்காரத்தின் பெயர் கடைசியில்தான் வரும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசியதை எடுத்தார். கனவு, கனவு என்று அடுக்கிக்கொண்டே போகும் இடம் எல்லோருக்கும் தெரியும். மிஸ் அதிக நேரம் நின்றது அதற்கு முன்னால் வரும் செக் விஷயத்தில். கறுப்பின மக்களுக்கு அமெரிக்கா கொடுத்த செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது, அதை மாற்றத்தான் தலைநகருக்கு வந்திருக்கிறோம் என்கிறார் கிங். உரிமையை யாசகமாகக் கேட்காமல், வரவேண்டிய பாக்கியாகக் கேட்கிறார். மகள் இதைச் சொன்னதும் அவள் அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். வியாபாரத்தில் செக் திரும்பிய அனுபவம் உள்ளவருக்கு மெட்டஃபர் என்றால் என்ன என்று விளக்க வேண்டுமா என்ன!

அப்புறம், கேட்பவரை இணங்க வைக்கப் பழைய கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று வழிகள். பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை ஈதாஸ், மனதைத் தொடுவது பேதாஸ், காரணம் காட்டுவது லோகாஸ். வீட்டுப்பாடத்துக்கு ஊரில் கிடைக்கும் நோட்டீஸ்களைக் கொண்டுவரச் சொன்னார். மனை விற்பனை, நகைச்சீட்டு எல்லாம் வந்தன. ஒரு பையன் இந்த ட்யூஷனின் நோட்டீஸையே கொண்டுபோய், "சில இடங்களே உள்ளன" என்பதைச் சிவப்பில் வட்டமிட்டுக் காட்டினானாம். மிஸ் சிரித்துக்கொண்டே முழு மார்க் போட்டிருக்கிறார். நோட்டீஸில் மட்டும் இன்னும் அந்த வரி இருக்கிறது.

என் வாட்ஸ்அப் விளம்பரமும் தப்பவில்லை. "அம்மா, தாத்தா காலத்துத் தோட்டம்னு ஈதாஸ் இருக்கு, மணக்கும் குண்டுமல்லின்னு பேதாஸ் இருக்கு. லோகாஸ் எங்க?" என்றாள். நாற்றுக்கு எத்தனை மாதம், வேர் பிடித்ததா, நூறு நாற்று என்ன விலை என்று சேர்த்தோம். தாத்தாவை எடுத்துவிட்டால் சுருக்கமாக இருக்கும் என்றாள், அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. இப்போது மதுரைப் பக்கமிருந்து கூப்பிடுகிறவர்கள் விலையை மறுபடி கேட்பதில்லை, நேரே எத்தனை வேண்டும் என்று சொல்கிறார்கள்.

குறைகளும் உண்டு. எழுதிக் கொடுக்கும் கட்டுரைகள் திருத்தப்படாமல் கட்டாகக் கிடக்கின்றன. அடுத்தவர் பேச்சைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளை, சொந்தமாக ஒரு பத்தி எழுதும்போது தடுமாறுகிறாள். அதைத் திருத்த ஆளில்லாவிட்டால் பாடம் பாதியில் நிற்கிறது. ஜெராக்ஸ் தாள்களில் வெளிநாட்டு சோப்பு, கார் விளம்பரங்கள் அதிகம். மின்விசிறி ஒன்றுதான், பின் வரிசைக்குக் காற்று வராது. மாடிப்படியும் செங்குத்து.

தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பிள்ளைகள் திரும்பிவரப் பஸ் கிடைக்கும், ஆனால் ஞாயிறு சாயங்காலம் சுற்றுலாக் கூட்டத்தில் உட்கார இடம் இருக்காது. அடுத்த மாதப் பணத்தோடு கட்டுரை நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறேன்.