செஸ்னாவில் பெட்ரோல் சோதனை: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. அடுத்த மாதமே முதல்கட்ட அறிக்கை வந்தது. இரண்டு இன்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் ‘ரன்’ (ஓடும்) நிலையிலிருந்து ‘கட்-ஆஃப்’ (எரிபொருளை அடைக்கும்) நிலைக்குப் போயின என்று அதில் இருந்தது. ஏன் போயின என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் என்னைத் தெரிந்தவர்களுக்கு ஒரே கேள்விதான்: “உங்க குட்டி பிளேன்லயும் அந்த சுவிட்ச் உண்டா?” அந்தச் சுவிட்ச் கிடையாது. ஆனால் அதன் வேலையைச் செய்கிற சாமான்கள் வேறு உருவத்தில் உண்டு. ஒவ்வொரு முறை கிளம்புவதற்கு முன்னும் அவற்றைக் கையால் தொட்டுப் பார்த்தாக வேண்டும்.

நான் இருப்பது பாறசாலையில். பறக்கக் கற்றது திருவனந்தபுரத்தில். பிறகு அங்கேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தேன். முதலில் செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானம், அப்புறம் காபுரேட்டர் வைத்த பழைய 172, இப்போது ஃபியூல் இன்ஜெக்‌ஷன் உள்ள 172எஸ். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிபொருளை நேரடியாகத் தொடுகிற சோதனையை நம்பலாம். எரிபொருளைப் பற்றி வேறு எதுவோ, வேறு யாரோ சொல்வதை, அது எரிபொருள் அளவு காட்டும் கேஜ் முள்ளாக இருந்தாலும் முந்தைய பைலட்டின் வாய்ச்சொல்லாக இருந்தாலும், அந்த அளவுக்கு நம்ப முடியாது.

கேஜிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் எனக்கு அதன் மேல்தான் கோபம் அதிகம். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கேஜ் முள்ளோடு விளையாடுவது பழகிப்போன காரியம். கேரளத்தில் பெட்ரோல் விலை கூடுதல் என்பதால், முள் கடைசிக் கோட்டில் கிடந்தாலும் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு பங்க் வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தைரியத்தோடு விமானத்தில் ஏறுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். செஸ்னாவின் பழைய கேஜ், டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவையை நம்பி இருக்கிறது. விமானம் சாய்ந்தால் முள்ளும் சாயும், காற்றில் குலுங்கினால் முள்ளும் குலுங்கும். பயன்படுத்த முடியாத எரிபொருள் மட்டும் மிச்சமிருக்கும்போது, சமநிலைப் பறப்பில் கேஜ் சுழியைக் காட்ட வேண்டும் என்பது விதி. நடுவில் பாதி, முக்கால் என்று அது காட்டுவதை வைத்துக் கணக்குப் போடுவது என் பழக்கத்தில் இல்லை. 172எஸ்-இல் மொத்தம் 56 அமெரிக்க கேலன், அதாவது 212 லிட்டர் பிடிக்கும். அதில் 53 கேலன்தான் பறக்க உதவும். 152-இல் 26 கேலன் பிடிக்கும், உதவுவது 24.5. மீதி டேங்கின் அடியில் கிடக்கும், இன்ஜினுக்கு வராது.

அதனால் டிப்ஸ்டிக். இறக்கைத் தூணில் கால் வைத்து ஏறி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டு எடுத்துப் பார்ப்பது. மழைத் தூறலில் வழுக்கும், வெயிலில் இறக்கைத் தகடு கையைச் சுடும், வெள்ளைச் சட்டையில் கறை படும். இருந்தும் இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூடப் பொய் சொல்லாத சாமான் இது ஒன்றுதான். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 152-இன் குச்சியை 172-க்குப் போட்டால் அளவு தப்பு. குச்சியில் எந்த விமானத்துடையது என்று எழுதி வைப்பது நல்லது. அப்புறம், இறக்கை வெளிநுனிப் பக்கம் உயர்ந்திருப்பதால் எரிபொருள் குறையக் குறைய உள்பக்கமாக ஒதுங்கும். அடியில் கொஞ்சம் இருந்தாலும் குச்சி நனையாமல் வரலாம். இருப்பதைக் குறைத்துக் காட்டுகிற தவறுதான், அதனால் எனக்குப் புகார் இல்லை. 172எஸ்-இன் வாய்க்குழாய்க்குள் ஒரு சின்ன நாக்கு உண்டு. இரண்டு பக்கமும் அது வரை நிரப்பினால் 35 கேலன், அதாவது சுமார் 132 லிட்டர். பயிற்சிப் பறப்பில் மணிக்கு சுமார் 35 லிட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், அவசரத்துக்கு ஒதுக்கி வைப்பது போக எவ்வளவு நேரம் என்பது மனக்கணக்கு.

மூடியைத் திரும்ப மாட்டும்போது திருகி, ஒரு தடவை இழுத்துப் பார்க்கணும். பறக்கும்போது இறக்கையின் மேல்பக்கம் காற்றழுத்தம் குறைவு. மூடி சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் மேலே உறிஞ்சப்பட்டு வெளியே போய்விடும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் உள்ளே உட்கார்ந்தவருக்கு அது கண்ணிலேயே படாது. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் காய்ந்து வெடித்த வளையம் வழியாகத்தான் இடவப்பாதி (ஜூன்) மழை உள்ளே இறங்கும்.

தண்ணீர் என்றதும் ட்ரெயின் கப்புக்கு வந்துவிட்டோம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குவளை, நடுவில் ஒரு முள். இறக்கைக்கு அடியிலிருக்கும் வால்வில் அழுத்தினால் டேங்கின் அடியில் தேங்கியது குவளைக்குள் வரும். 152-இல் பக்கத்துக்கு ஒன்று; இன்ஜின் மூடிக்கு உள்ளே வடிகட்டிக்கு ஒரு இழுப்பான். 172எஸ்-இல் இறக்கைக்கு ஐந்து வீதம் பத்து, வயிற்றுக்கு அடியில் மூன்று, ஆக 13 இடம். வருகிறவர்கள் எல்லாரும் முணுமுணுக்கிற எண் இது. “சேட்டா, எல்லாத்தையும் பாக்கணுமா?” என்று பிள்ளைகள் மெக்கானிக்கிடம் கேட்பதும், அவர் பதில் சொல்லாமல் குவளையை நீட்டுவதும் ஹேங்கரில் வாடிக்கை. இங்கே ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் துலாவர்ஷம் என்று இன்னொன்று. ராத்திரி டேங்க் பாதி காலியாக நின்றால் உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து சுவரில் துளிர்க்கும். அந்தத் துளி பெட்ரோலை விடக் கனம், நேராக அடிக்குப் போகும். சாயங்காலமே டேங்கை நிரப்பி நிறுத்துவது நல்ல பழக்கம், மறுநாள் எடை கூடிவிடாது என்றால்.

இந்தக் கப் சோதனையில் ஒரு பெரிய குறை உண்டு. பெட்ரோலும் தண்ணீரும் சேர்ந்து வந்தால் நடுவே கோடு தெரியும், அடியில் முத்துப்போல் உருளும், யாருக்கும் புரியும். ஆனால் வந்தது முழுவதும் தண்ணீராகவே இருந்தால்? கோடும் கிடையாது, முத்தும் கிடையாது. தெளிவாக, சுத்தமாக இருக்கும். “கிளீனா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த வால்வுக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் குவளையை வெள்ளைப் பெயின்ட் அடித்த இடத்துக்கு எதிரே பிடித்து நிறம் பார்க்கச் சொல்கிறார்கள். நாம் போடும் விமானப் பெட்ரோலான ஏவ்காஸ் 100எல்எல் இளநீலம். நீலம் தெரியவில்லை என்றால் அது ஏவ்காஸ் இல்லை, அல்லது வெறும் ஏவ்காஸ் இல்லை. மார்த்தாண்டத்துக்காரர் ஒரு அண்ணாச்சி, வயதில் மூத்தவர், என்னிடம் ஒருநாள் சொன்னார்: “மக்கா, கண்ண மட்டும் நம்பாத, மோந்தும் பாரு.” அது சரியான வழி. ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் வகை, வாசனையே காட்டிக்கொடுக்கும். விரலில் தொட்டால் ஏவ்காஸ் குளிர்ந்து பறந்துவிடும், மற்றது பிசுபிசுக்கும். சந்தேகம் இருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஏவ்காஸ் காய்ந்து போகும், ஜெட் கலந்திருந்தால் எண்ணெய் வட்டம் நிற்கும்.

சோதித்த பெட்ரோலைத் தரையில் வீசுவதை நான் அனுமதிப்பதில்லை. 100எல்எல்-இல் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். ஒரு மூடி போட்ட டின் வைத்து அதில் ஊற்றினால் முடிந்தது. முன்பு இந்தப் பெட்ரோல் முழுக்க இறக்குமதிதான். 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் செய்ததை வெளியிட்டது.

காற்றோட்டக் குழாயைப் பற்றிச் சுருக்கமாக. இடது இறக்கைத் தூணுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குறையும்போது அந்த இடத்துக்குக் காற்று போக அதுதான் முக்கிய வழி. ரப்பர் தோட்டம் சூழ்ந்த ஊரில் வளர்ந்தவர்களுக்குக் குளவியின் குணம் தெரியும். சும்மா நிற்கிற எந்த ஓட்டையையும் அது மண்ணால் அடைத்துவிடும். சில நாள் நின்ற விமானம் என்றால் நான் முதலில் போவது அந்தக் குழாய்க்குத்தான்.

இனி உள்ளே. எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று திருப்பி வைக்கும் ஃபியூல் செலக்டர் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு. 152-இல் அது வெறும் திற-மூடு வால்வு, குழப்பமே இல்லை. பழைய 172-இல் இரண்டு இருக்கைக்கும் நடுவே தரையில் ஒரு கைப்பிடி: இடது, இரண்டும், வலது, பின்பக்கம் திருப்பினால் ஆஃப். 172எஸ்-இல் ஆஃபைத் தனியாகப் பிரித்து ஒரு சிவப்புக் குமிழ் ஆக்கிவிட்டார்கள்; இழுத்தால் அடைப்பு. இது நல்ல மாற்றம் என்பது என் கருத்து. டேங்க் மாற்றுகிற கை தவறி ஆஃபுக்குப் போக வழியில்லை. ஆனால் அந்தக் குமிழ் முழுவதும் உள்ளே தள்ளியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்கிற வேலை கூடிவிட்டது.

பலருக்கும் நம்ப முடியாத விஷயம், வால்வை அடைத்து வைத்தாலும் இன்ஜின் ஓடும் என்பது. காபுரேட்டர் கிண்ணத்திலும் குழாயிலும் இருக்கிற பெட்ரோல் போதும், ஸ்டார்ட் ஆகும், டாக்சி போகும், அதாவது தரையில் உருண்டு போகும். சில நேரம் தரையை விட்டு எழும்பவும் போதும். அதற்கு அப்புறம்தான் நிற்கும். திருவனந்தபுரத்தில் ஒரே ரன்வே, 14/32. ஒரு பக்கம் சங்குமுகம் கடல், மறுபக்கம் வீடுகள் நெருக்கிய நகரம். நூறு இருநூறு அடியில் இன்ஜின் நின்றால் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. ஆகவே நான் கறாராக வைத்திருக்கும் ஒரு விதி: ரன்-அப் (கிளம்பும் முன் விமானத்தை நிறுத்தி வைத்து இன்ஜினை வேகமாக ஓட்டிப் பார்ப்பது) தொடங்குவதற்கு முன்பே செலக்டர் ‘இரண்டும்’ நிலையில் இருக்க வேண்டும், ரன்-அப்புக்கும் டேக்-ஆஃபுக்கும் நடுவே அதை யாரும் தொடக் கூடாது. ரன்-அப்பில் சில நிமிடம் அதே நிலையில் ஓடிய இன்ஜின், அந்தக் குழாய் திறந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. அதன் பிறகு திருப்பினால் அந்தச் சாட்சி செல்லாது.

இன்னொன்று, செலக்டரைக் கண்ணால் பார்ப்பது சோதனை ஆகாது. இன்ஜின் ஸ்டார்ட் செய்வதற்கு முன், நிறுத்திய இடத்திலேயே எல்லா நிலைக்கும் திருப்பி, ஒவ்வொன்றிலும் ‘டக்’ என்று உட்காருகிறதா என்று கையால் உணர வேண்டும். இரண்டு நிலைகளுக்கு நடுவே நின்றால் வால்வு அரைகுறையாக அடையும். இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். சாய்வான இடத்தில் நிறுத்தும்போது மட்டும் ‘இரண்டும்’ வேண்டாம். மேட்டுப் பக்க டேங்கிலிருந்து பள்ளத்துப் பக்கம் வழிந்து வெளியேறிவிடும். இடதிலோ வலதிலோ வைத்துவிட்டு இறங்குங்கள். மறுநாள் வருகிறவர் அதைத் திரும்ப மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

பைப்பர் என்ற வேறு கம்பெனி விமானத்தில் பறந்துவிட்டு வருகிறவர்கள், ‘இரண்டும்’ நிலை பைப்பரில் ஏன் இல்லை என்று கேட்பார்கள். அங்கே இறக்கை கீழே, பெட்ரோலைப் பம்ப் உறிஞ்சித்தான் மேலே கொண்டுவர வேண்டும். இரண்டு டேங்கும் திறந்திருந்து ஒன்று தீர்ந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். செஸ்னாவில் இறக்கை மேலே, பெட்ரோல் தானாக இறங்கும்.

செலக்டரை எட்டாத இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவில் இறந்த விபத்து ஒன்றே போதும். அவர் ஓட்டியது லாங்-ஈஇசட் என்ற, வீட்டில் கட்டும் வகை விமானம். கட்டியவர் செலக்டரை அசல் வடிவமைப்பில் இருந்த இடத்தில் வைக்காமல், பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். நிலைகளுக்குப் பெயரும் எழுதவில்லை. அதைத் திருப்ப உடம்பை வளைத்தபோது கால் வலது ரடர் மிதியை (விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்புவது) அழுத்தி, விமானம் கட்டுப்பாடு இழந்தது என்பது விசாரணையின் முடிவு. கிளம்பும் முன் எரிபொருள் நிரப்பாததும் காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

‘அந்த சுவிட்ச் உண்டா’ என்ற களியக்காவிளைக் கேள்விக்கு நேரான பதில், காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் குமிழ். சிவப்பாக இருக்கும், முழுதாக இழுத்தால் இன்ஜின் நிற்கும். தினமும் அப்படித்தான் நிறுத்துகிறோம். இங்கே பெரிய விமானங்களுக்குப் பின்னால் டாக்சி வேயில் காத்திருக்க வேண்டி வரும். அந்த நேரத்தில் பிளக்கில் ஈயம் படியாமல் இருக்க மிக்ஸ்சரைக் கொஞ்சம் இழுத்து வைப்போம். அதை அப்படியே மறந்து டேக்-ஆஃபுக்கு த்ராட்டிலைத் தள்ளுகிற ஆபத்து உண்டு. தீர்வு சுலபம்: இழுத்தால் நன்றாக இழு. முழு சக்தி கொடுத்தால் இன்ஜின் திணறுகிற அளவுக்கு இழுத்து வைத்தால், மறந்தாலும் ரன்வேயில் நிற்கும்போதே அது காட்டிக்கொடுத்துவிடும். அரைகுறையாக இழுப்பதுதான் மோசம். கூடவே, பழைய விமானங்களில், ஸ்டார்ட் செய்ய இன்ஜினுக்குள் கொஞ்சம் பெட்ரோலைத் தள்ளும் பிரைமர் குமிழ் உள்ளே தள்ளிப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டாவிட்டால் அதன் வழியாகவும் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு இன்ஜின் முரட்டுத்தனமாக ஓடும்.

வாங்குவதைப் பற்றி. இதில் உங்கள் காசில் வாங்க வேண்டியது ட்ரெயின் கப் மட்டும்தான். முள் உலோகமாக, அடிப்பாகம் முழுக்கத் தெளிவாக இருப்பதை எடுங்கள். காரின் முன்கண்ணாடி அடியில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். சீக்கிரம் மங்கிவிடும், மங்கிய குவளையில் இளநீலமும் வெள்ளையும் ஒன்றுதான். இரண்டு வாங்கி, இரண்டிலும் பெயர் எழுதி வையுங்கள். ஹேங்கரில் கடன் போன கப் திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.