வியன்னா, சிங்கப்பூர், கிகாலி: மாநாட்டை எங்கே வைப்பது?

2018-இல் கனடாவின் மான்ட்ரியாலில் நடந்த நியூரிப்ஸ் செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்கு ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலரால் வர முடியவில்லை. காரணம், விசா மறுப்பு. அடுத்த ஆண்டு வான்கூவரிலும் அதே கதைதான். நகரத் தேர்வு என்றதும் அரங்க வாடகை, ஹோட்டல் கட்டணம் என்றுதான் பெரும்பாலான குழுக்கள் கணக்கைத் தொடங்குகின்றன. நான் விசாவில் தொடங்குவேன். வாடகையைப் பேசிக் குறைக்கலாம், தூதரகத்தோடு பேரம் பேச முடியாது.

800 பேர் கூடும் ஐந்து நாள் தொழில்நுட்ப மாநாடு என்று வைத்துக்கொண்டு மூன்று நகரங்களைப் பார்ப்போம்.

வியன்னாவுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும். கிடைத்துவிட்டால் 29 நாடுகளுக்கும் செல்லும், அதில் குறையில்லை. ஆனால் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. முடிவுக்கு 15 நாள் என்பது விதி, அது 45 நாள் வரை நீளலாம். அதற்கும் முன்னால், நேரில் போய்க் கைரேகை கொடுக்க ஒரு தேதி கிடைக்கவேண்டுமே! யாருடைய ஆய்வுக் கட்டுரை தேர்வானது என்பதைத் தாமதமாக அறிவிக்கும் மாநாடு இங்கேதான் மாட்டிக்கொள்ளும். சிங்கப்பூருக்குப் பல நாட்டவருக்கு விசாவே தேவையில்லை. இந்தியர்களுக்குத் தேவை, ஆனால் இணையவழி விண்ணப்பம், பொதுவாகச் சில வேலை நாட்களில் முடிந்துவிடும். ருவாண்டாவின் தலைநகர் கிகாலி இந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. 2018 ஜனவரி முதல் எந்த நாட்டவரானாலும் ருவாண்டாவில் வந்திறங்கியே 30 நாள் விசா வாங்கிக்கொள்ளலாம். ஐசிஎல்ஆர் என்ற இன்னொரு செயற்கை நுண்ணறிவு மாநாடு 2023-இல் அங்கே நடந்தது. அதே மாநாடு 2020-இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்குப் போவதாக இருந்து, கொரோனாவால் முழுக்க இணையத்துக்கு மாறியது.

விமான வசதியில் வரிசை மாறிவிடுகிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்குச் சுமார் நூறு விமான நிறுவனங்கள் வருகின்றன. வியன்னாவும் ஐரோப்பாவுக்குள் நல்ல இணைப்பு உள்ள ஊர். கிகாலிக்குப் பெரும்பாலானோர் தோஹா, அடிஸ் அபாபா, இஸ்தான்புல் என்று எங்காவது மாறித்தான் வரவேண்டும். விசாவில் மிச்சமான அலைச்சலில் ஒரு பங்கு டிக்கெட்டில் போய்விடும்.

அரங்கம்? மூன்றிலுமே கவலையில்லை. 2016-இல் திறந்த கிகாலி மாநாட்டு மையத்தின் பெரிய அரங்கில் 2,000 பேருக்கு மேல் உட்காரலாம். வியன்னாவின் ஆஸ்திரியா சென்டர், யு1 மெட்ரோ நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. எந்த ஊரானாலும் அரங்கத்தின் வைஃபையை மட்டும் நம்பிவிடாதீர்கள். 800 பேர் என்றால் குறைந்தது 1,600 கருவிகள். தனி இணைப்பும் எதையும் தடுக்காத இணையமும் தருவார்களா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

நேரிலும் இணையத்திலும் சேர்த்து நடத்தும் ஹைபிரிட் மாநாடு என்றால் நேர மண்டலமும் கணக்கில் வரும். கோடையில் வியன்னாவிலும் கிகாலியிலும் கடிகாரம் ஒரே நேரம் காட்டும், காலையில் ஆசியாவும் பிற்பகலில் அமெரிக்காவும் சேர்ந்துகொள்ளலாம். சிங்கப்பூரின் பகல் அமர்வுகள் நியூயார்க்கின் நள்ளிரவு.

அப்புறம், சட்டமும் ஆபத்தும். இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு தன் 100-வது கூட்டத்தை 2017-இல் சிங்கப்பூரில் நடத்த முடிவெடுத்தபோது, ஆண்களுக்கிடையிலான ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவைக் காட்டி உறுப்பினர்கள் பலர் எதிர்த்தார்கள். கூட்டம் அங்கேயே நடந்தது. அந்தப் பிரிவு 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டது. கிகாலிக்கு வேறு வகைச் சோதனை: 2024 செப்டம்பரில் ருவாண்டாவில் உயிரைக் குடிக்கும் மார்பர்க் வைரஸ் பரவியது, டிசம்பரில் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அந்த மூன்று மாதத்தில் மாநாடு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அரங்க ஒப்பந்தத்தின் ரத்து விதியை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது அதனால்தான்.

என் தேர்வு என்ன என்று கேட்டால், முதல் முறை நடத்தும் குழுவுக்கு சிங்கப்பூர். அங்கே செலவு கூடும், சறுக்கல் குறையும். ஏற்கனவே இரண்டு மூன்று முறை நடத்திப் பழகிய குழு, வழக்கமாக விசாவில் அடிபடுகிறவர்களை உண்மையிலேயே அழைக்க நினைத்தால் கிகாலிக்குத் துணிந்து போகலாம். இல்லை, வியன்னாதான் என்று முடிவாகிவிட்டதா? சரி, கட்டுரைத் தேர்வு முடிவை மாநாட்டுக்கு ஏழு மாதம் முன்பே அறிவித்து, அழைப்புக் கடிதங்களை அதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள்.