முகாமுக்கு எந்த ஆன்டெனா? மணலில் இறுகிய என் டெலஸ்கோபிக் விப்

இராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் அரை நாள் காத்திருந்து என் டெலஸ்கோபிக் விப்பை, அதாவது ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் குழாய்களாலான செங்குத்து ஆன்டெனாவைச் சரிசெய்து வாங்கி வந்த அன்று மாலையே, மதுரையிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். "அண்ணே, முகாமுக்கு விப் வாங்கட்டுமா, இல்ல கம்பி ஆன்டெனாவே போதுமா?" என்று கேட்டார். அவர் அண்மையில்தான் அமெச்சூர் வானொலி (ஹாம்) உரிமம் பெற்றவர்; வானொலிக் கருவியோடு வெளியில் முகாமிட்டுத் தொலைவிலுள்ள நிலையங்களோடு பேச ஆசைப்படுகிறார். அப்போது நான் சொன்ன விடையில் நியாயத்தைவிடக் கோபமே மிகுந்திருந்தது. ஆகவே, இரண்டையும் மூன்று ஆண்டுகள் எங்கள் மாவட்டக் கடற்கரைகளான அரியமானிலும் சேதுக்கரையிலும் பயன்படுத்திக் கண்டதை முறையாக எழுதுகிறேன்.

முதலில் விப்புக்குச் சேர வேண்டிய பாராட்டு. 14 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ 5 மீட்டர்தான் என்பதால், முழுவதும் இழுத்து நிறுத்தினால் குறையும் நீளத்தை ஈடுசெய்யும் சுருள் எதுவும் இல்லாமலே அது ஒத்திசைந்துவிடும். மரம் வேண்டாம், கயிறு வேண்டாம், உதவிக்கு ஆளும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் நான் எதிர்பாராதது கடல் செய்த உதவி. அரியமானில் முதல் மாலை, அலை வந்து தொட்டுத் திரும்பும் ஈர மணலில் அதை நட்டு, ஆன்டெனாவின் அடியிலிருந்து தரையில் விரிக்கும் ரேடியல் கம்பிகள் இரண்டைக் கடலுக்குள்ளேயே விட்டேன். 10 வாட் சக்தியில் நான் கொடுத்த முதல் அழைப்புக்கே இத்தாலியிலிருந்து மறுமொழி வந்தது. அதே விப்பை ஊருக்குள் காய்ந்த நிலத்தில் நட்டபோது, கேட்கும் நிலையங்களுக்கெல்லாம் தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம் எளியது. கடல்நீரின் மின்கடத்துதிறன் உலர்ந்த மணலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். இந்த அலைவரிசையில் மின்னோட்டம் அந்த நீரில் ஒரு சாண் ஆழம்கூட இறங்காமல் மேற்பரப்பிலேயே ஓடுகிறது. செங்குத்து ஆன்டெனாவிலிருந்து தாழ்ந்த கோணத்தில் புறப்படும் அலையை வறண்ட நிலம் விழுங்கிவிடும். கடலோ அதைக் கண்ணாடிபோல் ஏந்தித் தொடுவானத்தை நோக்கி அனுப்பிவிடும்.

இத்தனை நல்ல கருவியின் மீது எனக்குள்ள ஆத்திரம் முழுவதும் அதன் கணுக்களில்தான் இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மெல்லிய எஃகுக் குழாய்கள் அவை. அவற்றுக்கிடையிலுள்ள இடைவெளி ஒரு மணல் பருக்கை புகுவதற்குப் போதுமானது. ஆனி, ஆடி மாதங்களில் இந்தக் கரையில் காற்று மணலை வாரி இறைக்கும். கூடாரத்துக்குள் வைத்த சோற்றிலேயே மணல் கடிபடும்போது, வெளியில் நிற்கும் குழாய் எப்படித் தப்பும்? இரவெல்லாம் உப்புக்காற்றில் நனைந்து, காலையில் காய்ந்து, பருக்கையைச் சுற்றி உப்புப் படிந்து கணு இறுகிவிடுகிறது. யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன்; அது மேலும் மணலைத்தான் இழுத்து ஒட்டிக்கொண்டது. சென்ற முறை சேதுக்கரையில் மேலிருந்து மூன்றாவது கணு அசையவே மறுத்ததால், துணியைச் சுற்றிக் குறட்டால் பிடித்துத் திருகினேன். துணி கிழிந்து, குறட்டின் பல் பதிந்து, குழாயின் வட்டம் நசுங்கியது. பாதி மடங்கிய அந்தக் கம்பத்தைப் பேருந்தில் கால்களுக்கிடையில் செங்குத்தாகப் பிடித்தபடி ஊர்வரை வந்தேன். பட்டறைக்காரர் உள்ளே ஓர் உருளைக் கம்பியைச் செலுத்திப் பொறுமையாகத் தட்டி வட்டத்தை மீட்டுக் கொடுத்தார். இப்போதும் அந்த இடத்தில் சற்றுச் சொரசொரப்பு இருக்கிறது.

இதைத் தவிர்க்கும் வழி எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் மடக்குவதற்கு முன் மேலிருந்து கீழாக நல்ல தண்ணீரில் கழுவி, கணுக்கணுவாகப் பருத்தித் துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே மடக்க வேண்டும். ஆனால் குடிப்பதற்கே குடக்கணக்கில் விலைகொடுத்துத் தண்ணீர் வாங்கும் மாவட்டத்தில், ஆன்டெனாவைக் குளிப்பாட்டுவதற்கென்று இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரைச் சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது என்பதை எந்த விற்பனையாளரும் என்னிடம் சொல்லவில்லை. ரேடியல்களின் செம்புக் கம்பியும் நாலைந்து முகாம்களுக்குள் பச்சைக் களிம்பு ஏறி நொறுங்குகிறது. முனையை வெட்டி வெட்டி என் கம்பிகள் இரண்டும் குட்டையாகிவிட்டன.

நண்பர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. செங்குத்து ஆன்டெனா தலைக்கு நேர்மேலே ஏறத்தாழ ஒன்றும் அனுப்பாது. எனவே பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் மதுரையையோ திருச்சியையோ பிடிக்க நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த அலைவரிசைக்கு விப் 10 மீட்டர் உயரம் வேண்டியிருப்பதால் அடியில் சுருளைச் சேர்க்க வேண்டும், அதில் சக்தியும் கொஞ்சம் வீணாகும். அருகிலுள்ள ஊர்களுக்கு 20 மீட்டர் கம்பியை ஐந்தாறு மீட்டர் உயரத்தில் படுக்கையாகக் கட்டுவதே சரி. அலை நேரே மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு மழைபோல் அக்கம்பக்கத்து மாவட்டங்கள் மீது இறங்கும். ஒரு முனையில் மட்டும் வானொலியோடு இணைக்கும் இந்த அரை அலைநீளக் கம்பியைக் கருவியோடு பொருந்தச் செய்யும் 49:1 மின்மாற்றியை 43 வகை ஃபெரைட் வளையத்தில் இரண்டுக்குப் பதினான்கு சுற்று என்ற கணக்கில் நானே சுற்றிக்கொண்டேன். 7, 14, 21, 28 என நான்கு அலைவரிசைகளிலும் அது வேலை செய்கிறது.

கம்பியிலும் குறை இல்லாமல் இல்லை. இங்கே கட்டக் கிடைப்பது பனைமரம். மட்டையின் கருக்கு வாள்போல் பல் உடையது. காற்றில் அசையும் கம்பியின் உறையை ஒரே இரவில் அறுத்துவிடும். கம்பி நேராக மட்டையில் படாமல், முனையில் நைலான் கயிற்றை நீளமாக விட்டுக் கட்ட வேண்டும். அதற்கு முன் மரத்துக்குரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த ஆன்டெனாவானாலும் உரிமத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். கடலுக்கு அப்பால் இலங்கை இருக்கும் கரையில் கம்பம் நட்டால் காவலர்கள் விசாரிப்பது இயல்பு, அது அவர்கள் கடமை. தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள அரிச்சல்முனையில் மாலைக்குப் பிறகு தங்க விடமாட்டார்கள் என்பதால் அங்கே முகாம் என்ற எண்ணமே வேண்டாம்.

எட்டும் தூரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், கடலோரத்தில் விப்புக்கு ஈடாக என் கம்பி ஒரு மாலைகூட நின்றதில்லை. இருந்தாலும் நண்பருக்கு என் விடை: வாங்க வேண்டாம். கம்பியைச் சுற்றிக்கொள்ளுங்கள், அறுந்தால் முடிச்சுப் போட்டு அன்றிரவே பேசலாம். விப்பில் ஒரு கணு இறுகினால் உங்கள் முகாம் அங்கேயே முடிந்தது. இன்று என் மனம் இப்படித்தான் சொல்கிறது. தை பிறந்து காற்று தணிந்ததும் அரியமானுக்கு வாருங்கள். என் விப்பைத் தருகிறேன், ஈர மணலில் நட்டு நீங்களே ஒரு மாலை கூப்பிட்டுப் பாருங்கள். நல்ல தண்ணீர் நான் கொண்டுவருகிறேன்.