பழைய ஸ்டீல் டூரிங் சைக்கிள்: நாலு வருடம் ஓட்டிய பிறகு

செங்கோட்டையிலிருந்து புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், அப்படியே ஆரியங்காவு இறக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதுதான் என் பாதை. தெம்பு இருந்தால் தென்மலை வரை. இதற்காகத்தான் நாலு வருடத்துக்கு முன்னால் புனலூர்ப் பக்கம் ஒரு சேட்டனிடம் பழைய குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்) டூரிங் சைக்கிள், அதாவது சுமையோடு நெடுந்தூரம் போகும் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். யாரோ மறுபெயின்ட் அடித்திருந்ததால் எந்தக் கம்பெனி என்று தெரியாது. அதனால் கம்பெனி விமர்சனம் எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும்போது எதைப் பார்த்தேன், எதைப் பார்க்காமல் ஏமாந்தேன் என்பது மட்டும்தான்.

முதலில் சைஸ். சீட் டியூபை, அதாவது சீட்டுக்குக் கீழே இறங்கும் பிரேம் குழாயை அளந்தால் 56 செ.மீ. பாரின் மேல் காலை இருபுறமும் போட்டு நின்றேன். ஷூவுடன் இரண்டு செ.மீ. இடைவெளி இருந்தது. "கரெக்டாணு" என்றார் சேட்டன். நானும் தலையாட்டிவிட்டேன். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது, மலையாளத்துக்குத் தலையாட்டுவது எங்களுக்குப் புதிதில்லை.

நின்று பார்ப்பது பாதிப் பரிசோதனைதான். கால் நீளத்துக்கு அது போதும். முதுகுக்கும் கைக்கும் போதாது. என் உயரம் 172 செ.மீ., சுவரோடு நின்று கால்களுக்கு இடையில் புத்தகம் வைத்து அளந்தால் 81. அதை 0.883ஆல் பெருக்கினால் 71.5. பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்வரை ஏறத்தாழ அவ்வளவு உயரம். சீட் போஸ்டில் (சீட்டைத் தாங்கி ஏற்றி இறக்கும் கம்பி) இந்த அளவு சுலபமாகக் கிடைத்தது. வில்லங்கம் பாரின் நீளத்தில். கிடைமட்டமாக அளந்தால் 57.5 செ.மீ., அதற்கு மேல் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கழுத்து, 110 மி.மீ. ஸ்டெம், அதற்கும் மேல் வளைந்த ஹேண்டில்பார் முன்னால் நீள்கிறது. நாற்பது கிலோமீட்டர் போனதும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். உள்ளங்கை ஓரத்தில் போகும் நரம்பின் மேல் உடம்பின் பாரத்தைப் போட்டால் அப்படித்தான். கையுறை, ஜெல் டேப் என்று செலவு செய்தேன். காரணம் தூரம் என்று புரிய ஆறு மாதம் ஆயிற்று.

சரி, 80 மி.மீ. ஸ்டெம் போடலாம் என்றால் பழைய ஸ்டெம் அசையவில்லை. அது முன்வீலைப் பிடிக்கும் ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கும் பழைய வகை. ஸ்டீலுக்குள் அலுமினியம், நடுவில் ஈரம், இரண்டும் பிடித்துக்கொண்டன. மேல் போல்ட்டை நாலைந்து சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபட வேண்டும். மூன்று நாள் எண்ணெய் ஊற்றித் தட்டிய பிறகுதான் விட்டது. வாங்கும் இடத்திலேயே சீட் போஸ்டை மட்டும் அசைத்துப் பார்த்திருந்தேன்; ஸ்டெம்மையும் அசைத்திருக்க வேண்டும். குற்றாலச் சாரல் காற்று அடிக்கிற ஊரில் இதை மறக்கக் கூடாது.

ஸ்டெம் மாற்றியதும் கை வலி போயிற்று. ஆனால் ஒரு சைஸ் பெரிய சைக்கிள் பெரியதுதான். புதிதாக வாங்கினால் 54 எடுப்பேன்.

இனி டயர். வரும்போது 37 மி.மீ. அகல டயர் இருந்தது. ஆரியங்காவு பக்கம் மழைக்குப் பிறகு சாலை ஓரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு ஏன் அகல டயர் ஆசை வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கம், பெடலுக்குப் பின்னால் வீலை இருபுறமும் அணைத்துப் போகும் இரண்டு குழாய்களுக்கு இடையில் அளந்தேன்: டயர் வரும் இடத்தில் 48 மி.மீ. 42 டயர் போட்டால் ஒரு பக்கம் மூன்று மி.மீ. மிச்சம். மட்கார்டைக் கழற்றிவிட்டுப் போட்டேன். ஊரைச் சுற்றி ஓட்டும்வரை ஒன்றுமில்லை. கழுதுருட்டிப் பக்கம், பதிமூன்று கண் பாலம் தெரிகிற இடத்தில், பின்வீலில் ஒரு ஸ்போக்ஸ் போயிற்று. வீல் நாலு மி.மீ. ஆடினாலே போதும், குழாயில் டயர் உரசும். சுமையோடு வீடு வந்து பார்த்தால் குழாயின் உள்பக்கம் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது. ஒரு வாரத்தில் அதில் துரு.

அன்றிலிருந்து என் அளவுகோல் ஒரு 6 மி.மீ. ஆலன் கீ. டயருக்கும் இரும்புக்கும் நடுவில் அது உரசாமல் போக வேண்டும். பின் குழாய்கள், பின் பிரேக் மாட்டும் குறுக்குக் குழாயான பிரேக் பாலம், ஃபோர்க்கின் தலை, மூன்று இடத்திலும். டயர் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை நம்பவே கூடாது: ஒடுக்கமான ரிம்மில் 40 டயர் 38ஆகத்தான் நிற்கும், அகல ரிம்மில் பருக்கும், புதுடயர் காற்றடித்துச் சில நாளில் இன்னும் ஒரு மி.மீ. வீங்கும். பழைய பிரேமில் பின்வீல் அச்சு முன்பின் நகரும் நீளக் காடி இருந்தால் இன்னொன்று கவனியுங்கள். வீலைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் இடைவெளி தாராளமாகத் தெரியும். முன்னுக்கு வந்தால் அதே டயர் குழாய்கள் குறுகும் இடத்தில் மாட்டும். விற்பவர் எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

மட்கார்டு இல்லாமல் ஓட்டிப் பார்த்துத் தீர்மானிப்பதும் தப்பு. மட்கார்டு மாட்டிய பிறகுதான், மெதுவாகத் திரும்பும்போது என் ஷூவின் நுனி முன்வீல் மட்கார்டில் இடிக்கிறது என்று தெரிந்தது. எஸ் வளைவில் ஏறும்போது இது விளையாட்டில்லை. பையை மாட்டி, பெடல் சுற்றி, குதிகால் பையில் படுகிறதா என்றும் பாருங்கள். எனக்குப் படவில்லை, பெடல் நடு அச்சிலிருந்து பின்வீல் அச்சு வரை 45 செ.மீ. இருப்பதால்.

இப்போது 37 டயர், மட்கார்டோடு. வேகத்தில் எந்த இழப்பும் தெரியவில்லை. ஒரே குறை உதிரி. இது டயர் உட்காரும் இடத்தில் 622 மி.மீ. விட்டமுள்ள ரிம். நம் ஊர் சைக்கிள் கடையில் தொங்கும் 28 அங்குல டயர் 635. பார்க்க ஒரே மாதிரி, மாட்டினால் நிற்காது. கடைக்காரர் அடித்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் முறைத்தார். அதனால் மடக்கும் டயர் ஒன்று எப்போதும் கேரியரில். டயர் எங்கும் கிடைக்க வேண்டும் என்பவர்கள் மலைசைக்கிளின் 26 அங்குல வீல், அதாவது 559 ரிம் போட்ட டூரிங் பிரேமைத் தேடுவது நல்லது.

கால் நீளமான யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் சாரல் தொடங்கியதும் சீட் போஸ்டை உருவி, டார்ச் அடித்து உள்ளே துரு பார்த்து, கிரீஸ் தடவித் திரும்பச் செருகினேன்.