டிராலியா, முதுகுப்பையா? 7 கிலோவோடு குமரியிலிருந்து புறப்படும் ஆண்களுக்கு ஓர் அலசல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவில்காரரோ தக்கலைக்காரரோ பறக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் திருவனந்தபுரத்துக்குத்தான் போக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து அது சுமார் 70 கி.மீ. ஆகவே நமக்கு விமானப் பயணம் வடசேரி பேருந்து நிலையத்திலோ மார்த்தாண்டத்திலோ தொடங்கிவிடுகிறது. விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் பையை வாங்குவதற்கு யோசனை சொல்பவர்களில் பலர், வாசலில் காரில் ஏறி விமான நிலைய வாசலில் இறங்குகிறவரை மனத்தில் வைத்தே சொல்கிறார்கள். பேருந்துப் படி, ரயில் நிலைய மேம்பாலம், மழை, கடைசியில் விமானம் என்று எல்லாவற்றையும் ஒரே பையோடு கடக்க வேண்டியவருக்கு அந்தக் கணக்கு பொருந்துவதில்லை.

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணி கையில் எடுத்துச் செல்லும் பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் எல்லை. அளவு 55 × 35 × 25 செ.மீ. என்பது பரவலாக உள்ள வரையறை. இந்த இரண்டில் அளவைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள், ஆனால் ஆண்கள் மாட்டிக்கொள்வது எடையில். அந்த 7 கிலோவில் பையின் சொந்த எடையும் அடக்கம் என்பது பலருக்குக் கவுண்டரில் நிற்கும்போதுதான் உறைக்கிறது. எனக்கும் அப்படித்தான் உறைத்தது. 8 கிலோ 300 கிராம் என்று காட்டிய தராசின் முன்னால், வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, சார்ஜரையும் புத்தகத்தையும் பேன்ட் பைகளில் திணித்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டிலிருந்த மூன்று பைகளையும் தெருமுனைப் பலசரக்குக் கடையின் தராசில் காலியாக வைத்து நிறுத்துப் பார்த்தேன். நான்கு சக்கரம் வைத்த கெட்டி ஓட்டு டிராலிப் பெட்டி 2 கிலோ 900 கிராம். 35 லிட்டர் முதுகுப்பை 1 கிலோ 150 கிராம். தோளில் மாட்டும் கேன்வாஸ் பை 700 கிராம். அதாவது டிராலியில் எனக்கென்று மிஞ்சுவது 4 கிலோ 100 கிராம்தான், முதுகுப்பையில் 5 கிலோ 850 கிராம். இடையிலுள்ள ஒன்றேமுக்கால் கிலோ சிறிய வித்தியாசமில்லை: இரண்டு பருத்திப் பேன்ட், மூன்று டீ-ஷர்ட், ஒரு சாரம் (லுங்கி) ஆகியவை சேர்ந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். மடிக்கணினி வேறு கொண்டுபோக வேண்டியவருக்கு, அதுவும் சார்ஜருமாகச் சுமார் 2 கிலோ போய்விட்டால், டிராலியில் துணிக்கு எஞ்சுவது 2 கிலோ அளவுதான்.

கேன்வாஸ் பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடையில் அதை மிஞ்ச எதுவுமில்லை, விலையும் குறைவு. ஆனால் 6 கிலோவை ஒரே தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் கழுத்து இழுக்கும். ஓரிரவுப் பயணத்துக்கு அது போதும், அதற்கு மேல் வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். முதலில் பேருந்தைப் பார்ப்போம். நம் பக்கத்து அரசுப் பேருந்துகளின் தலைக்கு மேலுள்ள கம்பித் தட்டில் கெட்டி ஓட்டு டிராலி நுழையாது. நுழைந்தாலும் பாதி வெளியே நிற்கும். ஆகவே அது நடைபாதையில் நிற்கிறது, அல்லது நம் முழங்காலுக்கும் முன் இருக்கைக்கும் நடுவில் சிக்குகிறது. ஒருமுறை களியக்காவிளையில் கூட்டம் ஏறிய பிறகு, பாலராமபுரம் அருகே ஓட்டுநர் பிரேக் போட்டதும் என் பெட்டி தானாக நான்கடி உருண்டு போய் ஒரு பாட்டியின் காலில் முட்டியது. “மக்ளே, ஒனக்க பெட்டிய கொஞ்சம் புடிச்சு வையி” என்று அவர் கோபமில்லாமல் சொன்னதுதான் கூடுதல் வெட்கமாக இருந்தது. இரண்டு சக்கரப் பெட்டி இந்த வகையில் தேவலை, சாய்க்காமல் விட்டால் நகராது. முதுகுப்பையோ மடியில் இருக்கும், அல்லது தட்டில் அமுங்கிக்கொள்ளும்.

ரயிலில் வித்தியாசம் குறைவு, ஏனென்றால் கீழ்ப் படுக்கைக்கு அடியில் இரண்டும் போகும். நாகர்கோவில் சந்திப்பில் மேம்பாலப் படிகளில் தூக்கிக்கொண்டு ஏறுவதுதான் சிக்கல். அங்கே சக்கரத்துக்கு வேலையில்லை, 7 கிலோவும் ஒரு கையில்தான் தொங்கும்.

விமான நிலையத்துக்குள் நுழைந்தபின் நிலைமை தலைகீழாகிறது. வழவழப்பான தரையில், நீண்ட வரிசையில், டிராலி ஒரு விரலில் நகர்கிறது. முதுகுப்பைக்காரர் வியர்வையில் சட்டை ஒட்டிக்கொள்ள நிற்கிறார். முதுகுவலியோ கழுத்துத் தேய்மானமோ உள்ளவர்கள் நான் சொல்லும் எடைக் கணக்கு எதையும் பொருட்படுத்தாமல் டிராலியையே எடுத்துக்கொள்வது நல்லது. கல்யாணத்துக்கென்று தேய்த்து மடித்த சட்டையும் பட்டுக்கரை வேட்டியும் கொண்டுபோகிறவருக்கும் அதுவே சரி, ஏனென்றால் முதுகுப்பையில் மடிப்பு கலையாமல் துணி போய்ச் சேர்ந்ததாக என் அனுபவத்தில் இல்லை. ஆனால் விமானத்துக்குள் போனபின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்தட்டு நிரம்பிவிட்டால் கதவருகிலேயே கெட்டிப் பெட்டிகளை வாங்கிச் சரக்குப் பகுதியில் போட்டுவிடுவார்கள், சிறிய விமானங்களில் இது அடிக்கடி நடக்கும். பவர்பேங்கைச் சரக்குப் பகுதியில் வைக்கக்கூடாது என்பது விதியாதலால், அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து அதைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். முழுவதும் நிரப்பாத முதுகுப்பை முன் இருக்கைக்கு அடியில் அநேகமாகப் போய்விடும். பவர்பேங்க் வாங்கும்போது 100 வாட்-அவருக்கு உட்பட்டதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும், 20,000 எம்.ஏ.எச். அளவுள்ளது சுமார் 74 வாட்-அவர்தான், கவலையில்லை.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. இடவப்பாதிக்கும் நனைவோம், ஐப்பசிக்கும் நனைவோம். கெட்டி ஓட்டுக்கு மழை ஒரு பொருட்டில்லை, ஜிப் வழியே கொஞ்சம் கசிவதோடு சரி. ஆனால் செம்மண் சகதியில் இழுத்த சக்கரம் அதன்பின் கிரீச்சிடத் தொடங்கும். முதுகுப்பை நனையும் என்பது உண்மைதான். துணிகளை முதலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைச் சுருட்டி உள்ளே வைத்தால், மேலே போடும் மழையுறையைவிட அது நம்பகமாக இருக்கிறது. குடைக்கும் டிக்கெட்டுக்கும் இரண்டு கைகள் மிஞ்சுவதும் அப்போது பெரிய காரியம்.

ஆகவே என் தேர்வு முதுகுப்பை. மேல்வாயை மட்டும் திறக்கும் பள்ளிக்கூடப் பை வகை வேண்டாம், பெட்டிபோல் மூன்று பக்கமும் ஜிப் திறந்து விரியும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். மேல்வாய்ப் பையில் அடியிலுள்ள உள்ளாடைக்காகப் பாதுகாப்புச் சோதனை மேசையில் எல்லாவற்றையும் வெளியே கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பைக்குள் போவதிலும் இதே போட்டி உண்டு. ஜீன்ஸ் ஒன்று முக்கால் கிலோ வரும், ஈரமானால் மழைக்காலத்தில் இரண்டு நாள் காயாது. பருத்திப் பேன்ட் அதில் பாதி எடைதான். ஜீன்ஸ் இல்லாமல் முடியாது என்பவர் அதையும் ஷூவையும் போட்டுக்கொண்டே பயணம் செய்யட்டும், பைக்குள் வைக்க வேண்டாம். இரவு உடைக்கு டிராக் பேன்டைவிடச் சாரம் மேல்: உடுக்கலாம், போர்த்தலாம், ரயிலில் விரிக்கலாம். ஒரு நாலு முழ வேட்டியும் இருக்கட்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குள் பேன்ட்டோடு போக முடியாது. வெளியூரிலிருந்து இங்கு வருகிறவருக்குச் சுசீந்திரத்திலும் நாகராஜா கோயிலிலும் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும்போது வேட்டி இருந்தால் கூச்சமில்லை.

ஆனால் குமரிக்காரரிடம் ஏற்கெனவே இருந்தும் பையில் வைக்க மறக்கிற ஒன்று துவர்த்து, அதாவது மெல்லிய பருத்தித் துண்டு. அதைத் தனியாக நிறுத்தேன்: 140 கிராம். அதே தராசில் டர்க்கித் துண்டு 520 கிராம். எடையைவிட முக்கியம் காய்கிற வேகம். விடுதி அறையில் குளித்துவிட்டு நாற்காலி முதுகில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். மின்விசிறிக் காற்றில் துவர்த்து ஒரு மணி நேரத்துக்குள் உலர்ந்து மொறுமொறுவென்று ஆகிவிட்டது, டர்க்கித் துண்டின் விளிம்பு மறுநாள் காலையிலும் சில்லென்று இருந்தது, வாடையும் வந்தது. ஈரத்துண்டைப் பையில் வைத்து மற்றத் துணிகளையும் நாறடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சவரத்துக்கு, பிளேடு தனியாக மாட்டும் பழைய ரேசரைக் கைப்பையில் வைக்க முடியாது, தனி பிளேடு சோதனையில் நிற்கும். கார்ட்ரிட்ஜ் ரேசருக்குத் தடையில்லை. வெளிநாட்டு விமானமென்றால் தேங்காயெண்ணெய், ஷாம்பு, தேன் எதுவானாலும் 100 மி.லி.க்கு மேற்பட்ட குப்பியில் இருக்கக்கூடாது, எல்லாக் குப்பிகளும் ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். கொப்பரையை நம்மவர்கள் வழக்கமாக மறந்து எடுத்துப் போகிறார்கள். எண்ணெய்ப்பசையால் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அதை விட மாட்டார்கள்.

இவ்வளவும் கணக்குப் பார்த்து அடுக்கியபின் வீட்டில் நிறுக்கும்போது தராசு 6 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். காரணம் அம்மா. படியிறங்கும்போது அரைக் கிலோ ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் ஒரு பொதி முந்திரிக்கொத்தும் கையில் வந்துவிடும், வேண்டாமென்று சொல்ல முடியாது. டிராலி இருந்த காலத்தில் அவற்றுக்காக ஒரு பேன்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். இப்போது முதுகுப்பையின் மேல் ஜிப்பைத் திறந்து, சிப்ஸ் நொறுங்காதபடி துவர்த்தில் சுற்றி வைத்துக்கொண்டு, வடசேரி பேருந்துக்கு நடந்துவிடுகிறேன்.